பவுலிங் மிஷினிடம் பிள்ளையை எப்போது விடலாம்?

காந்திபுரத்தில் வீடு, சாயங்காலம் கிரிக்கெட் கோச்சிங் என்றிருக்கும் பிள்ளைகள் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் கேட்பார்கள்: "மிஷின்ல ஆடோணும்ப்பா." கேட்பதைக் கொடுக்கலாமா?

முதலில், அது என்ன செய்கிறது? மூன்று கால் ஸ்டாண்டின் மேல் இரண்டு சக்கரங்கள் எதிரெதிராகச் சுழலும். கரும்பு ஜூஸ் மிஷின் கரும்பை இழுப்பதுபோல் பந்தைக் கவ்வி இழுத்து எறியும். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடினால் பந்து நேராகப் போகும். வேகத்தில் வித்தியாசம் வைத்து, மிஷினின் தலையைச் சாய்த்தால் ஸ்விங்கும் ஸ்பின்னும் வரும். 2005 ஆஷஸ் தொடரில் ஷேன் வார்னின் சுழலைச் சமாளிக்க, இங்கிலாந்து வீரர்கள் 'மெர்லின்' என்ற மிஷினை வைத்துத்தான் பழகினார்கள்.

பிள்ளைகளுக்கு அது பிடிப்பதில் ஆச்சரியமில்லை. மிஷின் திட்டாது, கை வலிக்கிறது என்று நிறுத்தாது. புல் ஷாட் சரியாக வரவில்லையா? அதே இடத்தில் ஐம்பது பந்து குத்தும். டேபிள் டென்னிஸில் ரோபோ எதிராளியாகவே வந்துவிட்டது. 2024-இல் கூகுள் டீப்மைண்டின் ரோபோ 29 பேருடன் மோதி 13 பேரை வென்றது. புதிதாக ஆடுகிறவர்கள் எல்லோரும் அதனிடம் தோற்றார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவரைக்கூட அதனால் வெல்ல முடியவில்லை. ஆனாலும் ஆடியவர்கள் ரசித்தே ஆடினார்கள்.

குறை எங்கே? நல்ல பேட்டர் பந்தை மட்டும் பார்ப்பதில்லை. பவுலரின் ஓட்டத்தையும் தோளையும் மணிக்கட்டையும் பார்த்தே காலை நகர்த்துகிறார். மணிக்கு 140 கி.மீ. வேகப்பந்து 22 கஜத்தைக் கடக்க அரை நொடிதான் ஆகும். பந்து கிளம்பிய பிறகு யோசிக்க நேரமில்லை. மிஷினுக்கோ கையே கிடையாது. அதனால்தான் அதை இயக்குபவர் பந்தைத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டிவிட்டு உள்ளே போடுகிறார். சுமார் 15 வயது பேட்டர்களை வைத்து ஆஸ்திரேலியாவில் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், பவுலருக்கு எதிரே ஆடும்போது இருந்த நேரக்கணக்கு மிஷினுக்கு எதிரே மாறிப்போனது தெரிந்தது.

ஆகவே, ஒரு ஷாட்டைத் திருத்த மிஷின் நல்லது. ஆட்டம் பழக ஆள்தான் வேண்டும். "இன்றைக்கு எந்த ஷாட்டுக்காக மிஷின்?" என்று கோச்சைக் கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் ஹெல்மெட், பேட் மாட்டி அனுப்புங்கள். வராவிட்டால், கூட ஆடும் பிள்ளைகளே பந்து போடட்டும்.