பழைய மொறிஸ் மைனருக்கு எந்தப் பாகம் சரி?

இலங்கையின் வடக்கில் ஓடும் பழைய கார் ஒன்றைத் திருத்தப் புகுபவருக்கு முதல் சிக்கல், அது உண்மையில் எந்தக் கார் என்பதே. பதிவுப் புத்தகத்தில் 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் என்றிருக்கும். பொனற்றைத் திறந்தால் எஞ்சின் 1962க்குப் பிந்தியது. டைனமோ இருந்த இடத்தில் ஜப்பான் ஓல்ற்றனேற்றர். காபரேற்றர் வேறெந்தக் காரிலிருந்தோ வந்தது. பெயரையும் ஆண்டையும் மட்டும் சொல்லிக் கடையில் பாகம் கேட்டால் பிழைத்துப்போவது இதனால்தான். காரைப் பார்த்தே பாகம் வாங்க வேண்டும்.

இந்தக் கலப்புக்கு வரலாறு உண்டு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வர, அரசு கார் இறக்குமதியை இறுக்கியது. அதற்கு முன் வந்த ஒஸ்ரினும் மொறிசும், அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்த பிளிமத், செவ்ரோலே போன்ற அமெரிக்கக் கார்களும் 1977 வரை மாற்றின்றி உழைத்தன. பிறகு ஜப்பான் கார்கள் வந்தும், வடக்கில் அந்தப் பழைய கார்கள் வாடகைக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தன. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் பெற்றோல், பற்றறி, உதிரிப்பாகம் எல்லாம் தடைப்பட்டன. இதை நேரே அனுபவித்த ஊர் பளை. மாவட்டத்தால் அது கிளிநொச்சி, நிலத்தால் யாழ்ப்பாணக் குடாநாடு. ஆனையிறவுக்கு வடக்கே, ஏ9 வீதியில், தடையின் வாசலிலேயே இருந்த ஊர் அது. 2002 ஏப்ரல் 8இல் வீதி திறந்தது. 2006 ஆகஸ்ட் 11இல் மீண்டும் பூட்டப்பட்டது. வழி அடைபட்ட காலங்களில் ஒரு காரை ஓடவைக்க இன்னொரு காரைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

எரிபொருளும் மாறியது. எஞ்சினைக் கொஞ்சப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். பழைய ஒஸ்ரின், மொறிஸ் எஞ்சின்கள் பலவற்றின் அமுக்க விகிதம் 7:1ஐ ஒட்டியதாக இருந்ததே இதற்கு இடம் கொடுத்தது; அமுக்கம் கூடிய எஞ்சினில் மண்ணெண்ணெய் முன்கூட்டியே வெடித்து இடிக்கும். ஆனால் மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. எரியாத பகுதி சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஒயில் அளவு குறைவதற்குப் பதிலாக ஏறும், ஆனால் அந்த ஒயிலில் வழுக்கல் இராது. அந்தக் காலத்தைக் கடந்து வந்த எஞ்சினைத் திருத்துபவர் எதற்கும் முன் கொம்பிரெசன் அளக்க வேண்டும். நாலு சிலிண்டரும் தேய்ந்திருக்க, காபரேற்றரைத் திருகிக்கொண்டிருப்பது வீண்வேலை.

உலகில் இதற்கு நேர் உவமை கியூபா. 1960களில் அமெரிக்கா வர்த்தகத்தைத் தடுத்தபின், ஹவானாவின் செவ்ரோலேகளும் பியூக்குகளும் சோவியத் கார்களின் பாகங்களையும் டீசல் எஞ்சின்களையும் ஏற்றுக்கொண்டு ஓடின. வடக்கின் மெக்கானிக்குகள் காட்டிய கெட்டித்தனம் அதற்குக் கடுகளவும் குறைந்ததல்ல. அது எழுதப்படாமல் கிடப்பதே குறை.

இனிப் பழுது. வெயில் ஊர்களில் அதிகம் கேட்கும் முறைப்பாடு இது: காலையில் நன்றாக ஓடும் கார் இருபது நிமிடத்தில் நிற்கும், ஆறியபின் ஒன்றும் நடவாததுபோல ஸ்ரார்ட் ஆகும். டிஸ்ரிபியூற்றருக்குள் இருக்கும் கொண்டென்சர் சூட்டில் செத்துப்போயிருக்கலாம், கொயில் செத்துப்போயிருக்கலாம், பெற்றோல் குழாயிலேயே ஆவியாகியிருக்கலாம். வெளியே தெரிவது மூன்றிலும் ஒன்றே. வேறுபாடு பிடிபடுவது கார் நின்ற அந்தச் சில நிமிடங்களில்தான். கராஜுக்கு இழுத்துக்கொண்டு போகும்போது சூடும் போய்விடும், சாட்சியும் போய்விடும். நின்ற இடத்திலேயே ஒரு பிளக்கைக் கழற்றி எஞ்சினில் சாய்த்து வைத்து, ஹாண்டிலைச் சுற்றிப் பார்க்க வேண்டும். நீலமாகத் தெறித்தால் குறை பெற்றோல் பக்கம். மஞ்சளாக மெலிந்து, பொயின்றில் மட்டும் அதிகமாகப் பொறி பறந்தால் கொண்டென்சர். பொயின்ற் ஒழுங்காகத் திறந்து மூடியும் பொறியே இல்லையென்றால் பெரும்பாலும் கொயில். இந்தச் சோதனைக்கு முன் பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலமும் பிளக் இடைவெளி 0.025 அங்குலமும் இருக்கிறதா என்று உறுதிசெய்திருக்க வேண்டும்.

பெற்றோல் பக்கத்துக்குக் காதே போதும். மைனரில் இருப்பது எஸ்.யு. மின்பம்பு. சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று அடித்து, காபரேற்றர்க் கிண்ணம் நிரம்பியதும் ஓய வேண்டும். அடிக்கவே இல்லையென்றால் பம்புக்கு மின் வரவில்லை அல்லது அதன் பொயின்ற் கருகிவிட்டது. ஓயாமல் வேகமாக அடித்தால் ராங்கி வெறுமை, இல்லையேல் குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது.

மின்சாரத்தில் இந்தக் கார்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஜப்பான் கார்களில் பற்றறியின் எதிர்முனை பொடியோடு இணைந்திருக்கும். அன்றைய ஆங்கிலக் கார்களில் இணைந்திருந்தது நேர்முனை. ஓல்ற்றனேற்றர் போட்டவர்கள் பற்றறியைத் திருப்பினார்கள், கொயில் வயர்களைத் திருப்ப மறந்தார்கள். கார் ஓடும், ஆனால் பொறி மெலியும்; பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது திக்கும். பழைய லூக்காஸ் கொயிலில் கூட்டல், கழித்தல் குறிகள் இல்லை, எஸ்.டபிள்யூ., சி.பி. என்ற எழுத்துகளே உண்டு. முன்னது சாவியிலிருந்து வரும் வயருக்கு, பின்னது டிஸ்ரிபியூற்றருக்கு. அது நேர்முனை பொடியில் இருந்த காலத்துக் கணக்கு. பற்றறி திரும்பினால் இரண்டும் இடம் மாற வேண்டும்.

பாகம் வாங்கும் கட்டத்தில் இலக்கங்கள் முக்கியம். 1948இல் வந்த மைனருக்கு 918 சி.சி. எஞ்சின். அடுத்தது 803 சி.சி.; 1956இல் 948, 1962இல் 1098. கடைசி இரண்டும் பார்வைக்குச் சகோதரங்கள். ஆனால் கிளச் பிளேற் 948இல் ஆறேகால் அங்குலம், 1098இல் ஏழேகால். முன் பிரேக் டிரம் முன்னதில் ஏழு, பின்னதில் எட்டு. கியர்பெட்டியின் வெளிப்புறம் வழுவழுப்பாக இருந்தால் 948இனது, விலா எலும்புபோல வரிகள் ஓடினால் 1098இனது. எஞ்சின் மாறிய கார்களில் பெட்டி மாறாமலும் இருக்கலாம் என்பதால் கீழே குனிந்து பார்ப்பது அவசியம். ஒஸ்ரினில் குழப்பம் இன்னும் பெரிது: டெவொன், சொமர்செற், கேம்பிரிட்ஜ், 1958இல் வந்த பரீனா ஆகிய நாலுக்கும் ஏ40 என்றே பெயர். முதல் மூன்றும் 1200 சி.சி. என்றாலும் கேம்பிரிட்ஜின் எஞ்சின் வேறு. பரீனாவினது மைனரின் இனம். ‘ஏ40 ஹெட் காஸ்கெற்’ என்று மட்டும் கேட்பவர் பிழையான ஒன்றோடு திரும்பக்கூடும்.

பேரிங்குக்குக் காரின் பெயரே தேவையில்லை; வளையத்தில் பொறித்த இலக்கத்தைச் சொல்லியே கேட்கலாம். ஒயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு மூன்றையும் அளந்தால் போதும்.

இரவல் கூடாத இடம் ஒன்று உண்டு: மைனரின் முன் சில்லைத் தாங்கும் ட்ரனியன். சில்லுத் தண்டின் கீழ்முனை மரை வெட்டிய ஒரு கூட்டுக்குள் திருகி நிற்கிறது. ஸ்ரியரிங் திரும்பும்போதெல்லாம் அந்த மரையிலேயே சுழல்கிறது. ஆயிரம் மைலுக்கு ஒரு தடவையாவது கிறீஸ் அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, ஒரு நாள் தண்டு கழன்று, சில்லு மடிந்து, கார் வீதியில் படுத்துவிடும். பளையின் மணலும் ஆனையிறவுப் பக்கத்து உப்புக் காற்றும் இதை விரைவுபடுத்தும். சில்லை ஜக்கில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தேய்வு கையில் தெரியும். ஒரு பக்கம் வலமரை, மறுபக்கம் இடமரை. பாகம் வாங்கும்போது பக்கத்தைச் சொல்ல வேண்டும். இதை லேத்தில் வெட்டிப் போடுவது உயிரோடு விளையாட்டு.

நல்லவேளையாக, மைனருக்குப் புதுப் பாகம் இன்றும் கிடைக்கிறது. இங்கிலாந்தில் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேயர், 1990களில் இலங்கையிலேயே மைனருக்கான பாகங்களைச் செய்யும் முயற்சியைத் தொடக்கிவைத்தார். கொழும்பில் பஞ்சிகாவத்தை, கழற்றிய பாகங்களுக்குப் பேர்போன இடம். அங்கே போகிறவர் பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஒஸ்ரின் ஏ55 வைத்திருப்பவருக்கு இந்தியாவும் உதவும். மொறிஸ் ஒக்ஸ்போர்டிலிருந்து பிறந்து, மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 2014 வரை உற்பத்தியான அம்பாசடர், நெடுங்காலம் அதே இனத்து 1489 சி.சி. எஞ்சினோடுதான் வந்தது. அதன் பிஸ்டனையும் வால்வையும் அளந்து ஒப்பிட்டபின் ஏ55க்குப் பயன்படுத்தலாம்.

எந்தப் பாகம் எந்தக் காரிலிருந்து வந்தது, என்ன அளவு, எந்தத் திகதியில் பூட்டியது என்று ஒரு கொப்பியில் எழுதிக் காரின் பெட்டிக்குள் வைத்துவிட்டால், அடுத்து அந்தப் பொனற்றைத் திறப்பவர் பாதி வேலையை மிச்சம் பிடிக்கலாம்.