தோட்டத்து அடுப்பில் கிம்ச்சிச் சோறு
மலேசியாவின் தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல்வயல்களை அடுத்துள்ள கோலசிலாங்கூர் தோட்டப்புறங்களில், மிஞ்சிய பழைய சோற்றைக் காலையில் வெங்காயம், மிளகாயோடு பிரட்டி நாசி கோரேங் ஆக்குவது பழகிய வேலை என்பதால், கொரியர்களின் கிம்ச்சிச் சோறு அங்கு அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. கிம்ச்சி என்பது உப்பிட்ட முட்டைக்கோசை மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி சேர்த்துப் புளிக்கவைத்த ஊறுகாய். 1950–53 கொரியப் போரையொட்டி அமெரிக்க முகாம்களிலிருந்து பரவிய ஸ்பாம் என்னும் பன்றியிறைச்சி டின் அதனோடு சேர்ந்துகொண்டது; பன்றியும் மாடும் புழங்காத வீடுகளில் கோழியிறைச்சி டின்னோ, இன்னும் பொருத்தமாக, தக்காளிச் சாறு வடித்த சார்டினோ போதும். இறைச்சியைச் சிறு துண்டுகளாக்கி ஓரம் சிவக்க வறுத்து, நன்கு புளித்த கிம்ச்சியை அதே எண்ணெயில் நீர் சுண்ட வதக்கிய பிறகே, ஆறி உதிர்ந்த சோற்றைக் கொட்டிக் கிளற வேண்டும்; சுடுசோறு குழைந்துவிடும். டின்னிலும் கிம்ச்சியிலும் உப்பு தாராளமாக இருப்பதால், தனியே உப்பிடுவது சோற்றைக் கெடுப்பதாகும்.