விரிசல் விட்ட வள்ளம்

ஆலுவாவில் பெரியாறு இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மங்கலப்புழையாக முனம்பம் பக்கம் போகிறது. மற்றது மார்த்தாண்டவர்மா பாலத்தடியில் புகுந்து வராப்புழை வழியாகக் கொச்சிக் காயலைச் சேர்கிறது. இந்தக் கிளைகளின் ஓரமாகக் கிடக்கும் கோதுருத்து போன்ற ஊர்களில் வள்ளப் போட்டி என்றால் பெரும்பாலும் இருட்டுகுத்திதான். இருட்டைக் குத்திக்கொண்டு பாய்வதால் அந்தப் பெயர். ‘ஓடி’ என்றும் சொல்வார்கள். கடத்தல்காரர்களுக்கும், அவர்களைத் துரத்தியவர்களுக்கும் ஒருகாலத்தில் இதுவே வாகனம் என்பது ஊர்ப்பேச்சு. ஆலப்புழையின் சுண்டன் வள்ளம் இதற்கு அண்ணன். நூறடிக்கு மேல் நீளம், பின்பக்கம் படமெடுத்த பாம்பு போன்ற தூக்கல், ஏறக்குறைய நூறு ஆட்கள். 1952இல் ஆலப்புழையில் போட்டி பார்த்த நேரு உற்சாகத்தில் தாவி ஏறியது நடுபாகம் என்ற சுண்டனில்.

இந்த வள்ளங்களைச் செய்வது ஆஞ்சிலி மரத்தில். நம் குமரி மாவட்டத்தில் அயினிச்சக்கை தின்று வளர்ந்தவர்களுக்கு அறிமுகம் வேண்டாம், அதே மரம்தான். பலாவின் உறவு. தேக்கைவிடக் கனம் குறைவு, தண்ணீரைத் தாங்கும். சொற்களும் நமக்கு அந்நியமில்லை. அடிமரம் ஏரா, விலா எலும்பு வங்கு, பின்பக்கம் அமரம். தமிழ்க் கடற்கரைக்காரர் ஒருவரை, வள்ளங்களை வைக்கும் வள்ளப்புரைக்குள் கூட்டிப்போனால் பாதிப் பேச்சு தானாகப் புரிந்துவிடும்.

வள்ளம் ஏன் உடைகிறது? பாறையில் மோதித்தான் உடைய வேண்டும் என்பதில்லை. நூறடி நீளமும் ஓர் ஆள் உயரத்துக்கும் குறைவான அகலமும் உள்ள எதையும் தண்ணீர் ஒரே சீராகத் தாங்காது. நடுப்பகுதி அகலமானது, அதனால் நன்றாக மிதக்கும். ஒடுங்கிய இரண்டு முனைகளுக்கும் மிதப்பு போதாது. அவை மெல்லத் தொங்கும். தலைக்கு 65 கிலோ என்றாலும் நூறு பேருக்கு ஆறரை டன். அத்தனை பேரும் ஒரே தாளத்தில் துழாவ, ஒவ்வொரு வீச்சுக்கும் உடல் முழுவதும் ஒரு மயிரிழை வளைந்து நிமிர்கிறது. பல பருவங்கள் இப்படிப் போனால் ஆணிக்கண்கள் விரியும், பலகை இடுக்குகள் வாய் திறக்கும். இரும்பு ஆணி துருப்பிடித்தால் சுற்றியுள்ள மரத்தையும் கறுக்கவைத்து மாவாக்கும்.

மக்கிப்போவது வேறு கதை. பலருக்கு இது வியப்பாக இருக்கும்: உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் மரத்தை அழுகவைக்கும். அழுகல் என்பது பூஞ்சை. மரத்தின் ஈரம் இருபது சதவீதத்தைத் தாண்டினால் அதற்குக் கொண்டாட்டம். உப்பு அதற்கு ஒத்துக்கொள்ளாது. ஆனால் உப்புத் தண்ணீரில் கப்பல் புழு இருக்கிறது. பெயர்தான் புழு, உண்மையில் அது கிளிஞ்சல் இனம். மரத்தைக் குடைந்து உள்ளேயே வாழும். வெளியே ஊசிமுனைத் துளை, உள்ளே தேன்கூடு. நன்னீர் அதற்கு எமன். கொச்சிக் காயலில் ஒரு பகை, ஆலுவாப் பக்கம் இன்னொரு பகை. போட்டி முடிந்ததும் வள்ளத்தைக் கரையேற்றி, கூரை போட்ட வள்ளப்புரையில் வைப்பது அதனால்தான்.

செப்பனிடும் வேலையும் அங்கேதான். முதலில் முட்டுக்கொடுக்க வேண்டும். முட்டுகள் நெருக்கமாக, ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். இரண்டு இடத்தில் மட்டும் தாங்கி நிறுத்தினால், பந்தயம் செய்யாத சேதத்தைப் புரை செய்துவிடும். கோணிய உடம்போடு பலகையை மாற்றினால் அந்தக் கோணலே நிலையாகிவிடும். பிறகு நிழலில் உலர்த்தல். வெயிலில் போட்டு அவசரப்பட்டால் புது வெடிப்புகள் வரும்.

அடுத்தது சுத்தியலால் தட்டிக் கேட்பது. நல்ல மரம் கணீரென்னும், மக்கியது பொத்தென்று சொல்லும். சந்தேகம் வந்த இடத்தில் கூர்முனையால் குத்திப் பார்க்க வேண்டும். அழுகல் தெரிந்தால் அதோடு நிற்காமல் நல்ல மரம் வரும்வரை வெட்ட வேண்டும். இந்த இடத்தில்தான் கை தயங்கும். அரையடிக் காயத்துக்காக நான்கடிப் பலகையைக் கழற்றுவதா என்று தோன்றும். கழற்றத்தான் வேண்டும். ஏனென்றால் மரத்தின் வெட்டுமுனையோடு வெட்டுமுனையை ஒட்டினால் நிற்காது. பசையை உறிஞ்சிக்கொண்டு கையை விரித்துவிடும். இரண்டு முனைகளையும் நீண்ட சரிவாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து ஒட்ட வேண்டும். ஓரங்குலத் தடிப்புக்கு எட்டு அங்குலச் சரிவு என்பது உலகெங்கும் படகுத் தச்சர்கள் வைத்திருக்கும் கணக்கு. அப்போது இழையோடு இழை சேரும், பாரமும் ஓரிடத்தில் குவியாமல் பரவும். பக்கத்துப் பலகையின் இணைப்பு அதே நேர்க்கோட்டில் வரக்கூடாது. செங்கல் சுவர் கட்டுகிறவருக்குத் தெரிந்த பாடம்தான். வங்குகளையும் மொத்தமாகக் கழற்றக்கூடாது. ஒன்றுவிட்டு ஒன்று மாற்றினால்தான் வடிவம் தப்பும்.

இப்போது எல்லாருக்கும் எபாக்சிப் பிசின்மேல் காதல். மக்கிய மரத்தின்மேல் பிசினை ஊற்றி, கண்ணாடியிழைத் துணியைப் போர்த்தி, பளபளவென்று வண்ணம் அடித்துவிடுகிறார்கள். மேல்நாட்டு ஒட்டுப்பலகைப் பந்தயப் படகுகளுக்கு இது பொருந்தும். 1962இல் வடிவமைத்த மிரர் என்ற படகின் ஒட்டுப்பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, பிசினும் கண்ணாடியிழை நாடாவும் போட்டே சேர்த்தார்கள். (கயிற்றால் பலகை தைக்கும் கெட்டுவள்ளக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.) ஒட்டுப்பலகை ஊறினாலும் அதிகம் விரியாது. ஆஞ்சிலிப் பலகை விரியும், சுருங்கும். மேலே விறைப்பான போர்வை போட்டால் ஒருநாள் அது பிய்யும்; பிய்ந்த இடத்தில் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்தே தின்னும். சுத்தமான, உலர்ந்த மரத்துக்குப் போர்வை தப்பில்லை. கொச்சியில் 1957இல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமே மரத்தோணிகளுக்கு அப்படிப் போர்த்தும் முறையை உருவாக்கியிருக்கிறது. அழுகலை மூடுவதற்கு மட்டும் அதைக் கையில் எடுக்காதீர்கள். ஒட்டுப்போட்ட இடம் மற்ற உடம்பைவிட விறைப்பாக இருந்தால், அடுத்த விரிசல் அதன் ஓரத்திலேயே விழும்.

இடுக்குகளுக்குப் பஞ்சு திணித்துக் குங்கிலியம் பூசுவதைக் கலப்பத்து என்பார்கள். இங்கேயும் கை அடக்கம் வேண்டும். காய்ந்த பலகைகளுக்கிடையே இறுக்கி அடித்துவிட்டால், தண்ணீரில் இறக்கியதும் பலகைகள் ஊறிப் பெருத்து வங்கையே பிடுங்கும். கொஞ்சம் கசியட்டும், ஊறியதும் தானே மூடிக்கொள்ளும். கடைசியில் மீனெண்ணெய், சிரட்டைக் கரி, முட்டை கலந்த பூச்சு. மரத்துக்குக் காப்பு, தண்ணீரில் வழுக்கல், இரண்டும் அதிலேயே கிடைக்கும்.

வழுக்கல் சின்ன விஷயமில்லை. 2024 செப்டம்பர் 28 அன்று ஆலப்புழை நேரு கோப்பை வள்ளப் போட்டி இறுதியில் காரிச்சால் சுண்டன் 4 நிமிடம் 29.785 நொடியில் எல்லையைத் தொட்டது. வீயபுரம் சுண்டன் 4 நிமிடம் 29.790. வித்தியாசம் ஒரு நொடியில் இருநூறில் ஒரு பங்கு.

அந்தப் பக்கம் போனால் போட்டியோடு திரும்பிவிடாமல் ஒரு வள்ளப்புரையையும் எட்டிப் பாருங்கள். குனிந்து அடிவயிற்றைப் பார்த்தால் பழைய பலகையும் புதுப் பலகையும் சேரும் சரிவுக் கோடு தெரியும். தொடுவதற்கு முன் செருப்பைக் கழற்றிவிடுங்கள்.