'குடல் ஏறிடுச்சு'ன்னா உண்மையில என்ன? குடல் செருகல், ரோட்டா சொட்டு மருந்து, ஒரு கணக்கு

(எபிசோடின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோடுல ஒரு கைக்குழந்தை நோயைப் பத்திப் பேசப்போறோம். கேட்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு இன்னும் குழந்தை இல்லைன்னு தெரியும். ஆனா அக்கா வீட்டுல, பக்கத்து ஃபிளாட்டுல, ஆபீஸ் ஃப்ரெண்டு வீட்டுல ஒரு ஆறு மாசக் குழந்தை கண்டிப்பா இருக்கும். நடுராத்திரி போன் வந்தா வண்டி எடுக்கப்போறது நீங்கதான். அதனால கேட்டு வைங்க.

மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கோவளம்னு கடலோர ஊர்கள்ல மட்டும் இல்லை, தாம்பரம், பல்லாவரம் அபார்ட்மென்ட்லயும் ஒரு வார்த்தை புழங்குது: "குழந்தைக்குக் குடல் ஏறிடுச்சு". குழந்தை வாந்தி எடுக்கும், பேதி போகும், பால் குடிக்காது, விடாம அழும். உடனே வீட்டுப் பெரியவங்க, "குடல் தட்டுறவங்ககிட்ட ஒரு தடவை காட்டிடலாமே"ன்னு சொல்வாங்க. அங்க வயித்துல எண்ணெய் தடவி நீவி விடுவாங்க. சில இடத்துல குழந்தையைத் தலைகீழாப் பிடிச்சு உள்ளங்கால்ல தட்டுவாங்க.

மருத்துவத்துல 'குடல் ஏறுறது'ன்னு ஒரு நோய் கிடையாது. ஆனா குடலுக்குள்ள குடலே ஏறிக்கிற ஒரு நோய் நிஜமாவே இருக்கு. அதுக்குப் பேர் இன்டஸ்ஸஸெப்ஷன். தமிழ்ல குடல் செருகல்னு சொல்லலாம். கைக்குழந்தைகளுக்குத் திடீர்னு குடல் அடைச்சுக்கிறதுக்கு உலகம் முழுக்க முக்கியமான காரணம் இதுதான்.

உள்ள என்ன நடக்குது?

மூணா மடியற குடையோட கம்பியை யோசிச்சுப் பாருங்க. ஒரு குழாய் இன்னொரு குழாய்க்குள்ள நுழைஞ்சு மடங்கும் இல்லையா? அதே மாதிரி குடலோட மேல் பகுதி, கீழ் பகுதிக்குள்ள நுழைஞ்சுடும். பெரும்பாலும் சிறுகுடலோட கடைசிப் பகுதிதான் பெருங்குடலுக்குள்ள போகும். குடல் தன் வேலையைச் செஞ்சுக்கிட்டே இருக்கிறதால, நுழைஞ்ச பகுதியை இன்னும் உள்ள தள்ளிக்கிட்டே போகும்.

நுழையும்போது ரத்தக் குழாய்களையும் சேர்த்து இழுத்துக்கிட்டுப் போகுதுங்கிறதுதான் ஆபத்து. முதல்ல ரத்தம் திரும்பி வர்ற வழி அடைபடும், குடல் வீங்கும். அப்புறம் உள்ள போற ரத்தமும் நின்னுடும். குடலோட அந்தப் பகுதி அழுகி, ஓட்டை விழலாம். இது மணிக்கணக்குல நடக்கிற விஷயம். வாரக்கணக்கு இல்லை.

எந்த வயசுல வரும்? பெரும்பாலும் 4 மாதத்திலிருந்து 10 மாதத்துக்குள்ள. பெண் குழந்தைகளை விட ஆண் குழந்தைகளுக்கு அதிகம். நல்லா கொழுகொழுன்னு இருந்த குழந்தைக்குத்தான் பெரும்பாலும் வருது. பெரும்பாலான குழந்தைகளுக்குக் குறிப்பிட்ட காரணம்னு ஒண்ணும் கண்டுபிடிக்க முடியறதில்லை. "நான் என்ன கொடுத்தேன், எதைத் தப்பாச் செஞ்சேன்"னு அம்மா தன்னையே குத்திக்க வேண்டியதில்லை.

எப்படித் தெரிஞ்சுக்கிறது?

அழுகைதான் முதல் அடையாளம். ஆனா அது சாதாரண அழுகை இல்லை. குழந்தை திடீர்னு வீறிட்டு அழும், காலை வயித்துக்கு மேல மடக்கிக்கும். சில நிமிஷம் கழிச்சு அடங்கிடும். 15, 20 நிமிஷத்துல மறுபடியும் அதே மாதிரி. நடுவுல குழந்தை நல்லா இருக்கிற மாதிரியே தெரியும். இந்த இடைவெளிதான் நம்மளை ஏமாத்தும்.

அடுத்தது வாந்தி. முதல்ல குடிச்ச பால் வரும், போகப் போகப் பச்சையா வரும். மூணாவது, மலத்துல ரத்தமும் சளியும் கலந்து ஜாம் மாதிரி சிவப்பா வர்றது. புத்தகத்துல இந்த மூணையும் சேர்த்துதான் போட்டிருப்பாங்க. ஆனா மூணும் ஒண்ணா வர்றது பாதிக்கும் குறைவான குழந்தைகளுக்குத்தான். ஜாம் மாதிரி மலம் வரட்டும்னு காத்திருந்தா நேரம் போயிடும்.

இன்னொரு அடையாளத்தைப் பல பேர் கவனிக்கிறதே இல்லை. சில குழந்தைகள் அழவே அழாது. துவண்டு போய், கூப்பிட்டா சரியாத் திரும்பிப் பார்க்காம, தூங்கிக்கிட்டே இருக்கும். "அப்பாடா, அழுகை நின்னுடுச்சு, தூங்குது"ன்னு வீட்டுல நிம்மதியா இருப்பாங்க. அது நிம்மதிக்கான நேரம் இல்லை.

ஒரு பொது விதியும் சொல்லிடறேன். கைக்குழந்தை, அதுவும் பிறந்து சில நாளான குழந்தை, பச்சை நிறத்துல வாந்தி எடுத்தா அது அவசரம். குடல் செருகலா இல்லாட்டியும், குடல் முறுக்கிக்கிட்டிருக்கலாம், பிறவியிலேயே அடைப்பு இருக்கலாம். எல்லாமே உடனே பார்க்க வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரியில என்ன செய்வாங்க?

ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும். குடலுக்குள்ள குடல் இருக்கிறதால, குறுக்கே வெட்டின வெங்காயம் மாதிரி வளையம் வளையமாத் தெரியும். சீக்கிரம் வந்துட்டா, பல குழந்தைகளுக்குக் கத்தியே வைக்க வேண்டியதில்லை. ஆசனவாய் வழியா காத்தையோ உப்புத் தண்ணியையோ அளவான அழுத்தத்துல செலுத்தி, நுழைஞ்ச குடலைப் பின்னால தள்ளிடுவாங்க. அனுபவமுள்ள மையங்கள்ல, சீக்கிரம் வந்த குழந்தைகள்ல 80 சதவீதத்துக்கும் மேல இதுலேயே சரியாகிடும். ஏறக்குறைய பத்துல ஒரு குழந்தைக்குத் திரும்ப வரலாம். அதனால சரியான பிறகும் கொஞ்ச நேரம் வெச்சுப் பார்ப்பாங்க.

24 மணி நேரம், 48 மணி நேரம்னு தள்ளிப்போகப் போக, ஆபரேஷன் தேவைப்படுற வாய்ப்பு ஏறும். அழுகின குடலை வெட்டி எடுக்க வேண்டியும் வரலாம்.

இங்கதான் நம்ம ஊர் வரைபடம் முக்கியமாகுது. ஆரம்ப சுகாதார நிலையத்துல இந்தச் சிகிச்சையைச் செய்ய முடியாது. ஸ்கேன் வேணும், குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர் பக்கத்துல இருக்கணும். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியா செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அங்கிருந்து எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கு அனுப்பினா, இன்னும் 50 கிலோமீட்டருக்கு மேல. ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக்கைப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பயணத்துக்கு முன்னாடி குடல் தட்டுறவங்க வீட்டுல அரை நாள், "காலையில பார்த்துக்கலாம்"னு ஒரு ராத்திரின்னு போச்சுன்னா, கையில இருந்த 24 மணி நேரம் முடிஞ்சுடும்.

எத்தனை குழந்தைக்கு வருது?

உலக அளவுல, ஒரு வயசுக்குள்ள இருக்கிற 1,00,000 குழந்தைகள்ல வருஷத்துக்கு ஏறக்குறைய 74 பேருக்கு வருதுன்னு ஒரு மதிப்பீடு இருக்கு. ஆனா நாட்டுக்கு நாடு பெரிய வித்தியாசம். தென் கொரியாவுல 300-ஐத் தாண்டுது. டெல்லியில நடந்த ஒரு ஆய்வுல கிடைச்ச எண் 17.7 மட்டும்தான்.

கணக்கு சுலபமா இருக்க, ஒரு மாவட்டத்துல வருஷத்துக்கு 30,000 குழந்தைகள் பிறக்குதுன்னு வெச்சுக்குவோம். டெல்லி கணக்குப்படி வருஷத்துக்கு 5 குழந்தை. உலக மதிப்பீட்டின்படி 22. தென் கொரியா கணக்குப்படி கிட்டத்தட்ட 100. அதே 30,000 குழந்தைகள்தான், எண் மட்டும் எங்கேயோ போகுது. ஏன்?

ஒரு காரணம், நிஜமாவே ஊருக்கு ஊர் வித்தியாசம் இருக்கலாம். இன்னொரு காரணம், எவ்வளவு உன்னிப்பாத் தேடுறோம்ங்கிறது. அதுக்கு வேலூர் நல்ல உதாரணம். ரோட்டாவேக் சொட்டு மருந்தோட மூணாம் கட்டப் பரிசோதனை டெல்லி, புனே, வேலூர்னு மூணு இடத்துல நடந்துச்சு. அதுல குழந்தைக்கு லேசா சந்தேகம் வந்தாலும் உடனே ஸ்கேன் எடுத்தாங்க. வேலூர்ல வழக்கமா ஆஸ்பத்திரிக்கு வர்ற கணக்கை விட ரொம்ப அதிகமாக் கிடைச்சது. ஏன்னா சிறுகுடல்ல லேசா நுழைஞ்சு, தானாவே வெளிய வந்துடற செருகல்களும் ஸ்கேன்ல மாட்டிக்கிச்சு. வேலூர் தரவைத் தனியா வெளியிடணும்னு அப்போ பொதுவெளியில கேள்விகளும் எழுந்தது. கேட்க வேண்டிய கேள்விதான் அது.

இதுக்குள்ள நமக்கு இன்னொரு பதிலும் இருக்கு. சில செருகல்கள் தானாச் சரியாகும். வைரஸால வர்ற வாந்தி பேதியும் பெரும்பாலும் சில நாள்ல தானா அடங்கும். அந்த நேரத்துல குடல் தட்டியிருந்தா, பேர் தட்டினவருக்குப் போகும். பாட்டி பொய் சொல்லலை. அவங்க பார்த்த பத்துக் குழந்தையில ஒன்பது நிஜமாவே பிழைச்சுக்கிச்சு. அந்தப் பத்தாவது குழந்தைதான் நம்ம கவலை.

சொட்டு மருந்தால வருதா?

நேயர்கள் அதிகமா அனுப்பின கேள்வி இது. அந்தப் பயம் ஆகாசத்திலிருந்து வரலை. 1998 ஆகஸ்டுல அமெரிக்காவுல ரோட்டாஷீல்டுங்கிற ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்துக்கு அனுமதி கிடைச்சது. அடுத்த வருஷமே, மருந்து கொடுத்த குழந்தைகளுக்குக் குடல் செருகல் வர்றதாத் தகவல்கள் வர ஆரம்பிச்சது. 1999 ஜூலையில நிறுத்தி வெச்சாங்க, அக்டோபர்ல சந்தையிலிருந்தே எடுத்துட்டாங்க. ஏறக்குறைய 10,000 குழந்தைக்கு ஒருத்தர்னு கூடுதல் ஆபத்து இருந்துச்சு. முதல் டோஸ் கொடுத்த இரண்டு வாரத்துக்குள்ள அது அதிகம்.

அனுமதிக்கு முன்னாடி ஏன் சரியாத் தெரியலை? 10,000-ல ஒருத்தருக்கு வர்றதைக் கண்டுபிடிக்கச் சில ஆயிரம் குழந்தைகள் போதாது. அதனாலதான் அடுத்து வந்த ரோட்டாரிக்ஸ், ரோட்டாடெக் ரெண்டையும் தலா 60,000-க்கும் அதிகமான குழந்தைகள்கிட்டப் பரிசோதிச்சாங்க. அந்த மருந்துகள்லயும் சில நாடுகள்ல பின்னால சின்ன ஆபத்து தெரிஞ்சது. 1,00,000 குழந்தைக்கு ஒண்ணிலிருந்து அஞ்சு வரைக்கும்.

நம்ம ரோட்டாவேக் பரிசோதனையில இருந்தது 6,799 குழந்தைகள். மருந்து வாங்கின குழந்தைகள், வாங்காதவங்களைப் போல இரண்டு மடங்கு. குடல் செருகல் வந்தது மருந்து வாங்கினவங்கள்ல 8 பேருக்கு, வாங்காதவங்கள்ல 3 பேருக்கு. இதை வெச்சு ஆபத்து உண்டுன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது.

அதனால 2016-ல நாலு மாநிலங்கள்ல அரசுத் தடுப்பூசித் திட்டத்துல சேர்த்தப்பவே கண்காணிப்பையும் தொடங்கினாங்க. தமிழ்நாட்டுக்கு அது 2017-ல வந்துச்சு. 27 ஆஸ்பத்திரிகள்ல, 2016 ஏப்ரலிலிருந்து 2019 ஜூன் வரைக்கும், குடல் செருகலோட வந்த 970 குழந்தைகளைப் பதிவு பண்ணினாங்க. அதுல 589 குழந்தைகளை வெச்சுக் கணக்குப் போட்டாங்க.

அந்தக் கணக்கு எப்படின்னா, ஒரு குழந்தையை இன்னொரு குழந்தையோட ஒப்பிடலை. அதே குழந்தையோட வாழ்க்கையிலேயே, சொட்டு மருந்து கொடுத்த 21 நாளையும் மத்த நாட்களையும் ஒப்பிட்டாங்க. மருந்துதான் காரணம்னா, அந்த 21 நாள்ல நோய் கொத்தா வந்திருக்கணும். வயசு ஏற ஏறக் குடல் செருகல் இயல்பாவே கூடும்ங்கிறதையும் கணக்குல சேர்த்துக்கிட்டாங்க. முடிவு 2020-ல வெளியாச்சு: மருந்தால ஆபத்து கூடினதாத் தெரியலை.

தராசோட மறுபக்கத்தையும் பார்க்கணும். இந்தத் தடுப்பு மருந்து வர்றதுக்கு முன்னாடி, இந்தியாவுல வருஷத்துக்கு ஏறக்குறைய 78,000 குழந்தைகள் ரோட்டா வைரஸ் பேதியால இறந்தாங்கன்னு ஒரு மதிப்பீடு. ரோட்டாவேக், கடுமையான ரோட்டா பேதியைப் பாதிக்குக் கொஞ்சம் மேல, 55 சதவீத அளவுக்குத் தடுக்குது. முழுக் கவசம் இல்லைதான். ஆனா 78,000-ல பாதிங்கிறது ரொம்பப் பெரிய எண்.

சுருக்கமா

சொட்டு மருந்தை 6, 10, 14 வாரத்துல, தள்ளிப்போடாமக் கொடுங்க. குடல் செருகல் அதிகமா வர்ற வயசு அதுக்கு அப்புறம்தான் வருது. அதனால மருந்து வாங்கின குழந்தைக்கும் அது வரலாம். அது மருந்தோட குத்தம்னு அர்த்தம் இல்லை.

விட்டு விட்டு வீறிடும் அழுகை, பச்சை வாந்தி, மலத்துல ரத்தம், துவண்டு போறது. இதுல ஒண்ணு இருந்தாலும் வயித்தை நீவ வேண்டாம், தட்ட வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்க. டாக்டர்கிட்டப் போனதும், "எத்தனை மணிக்கு முதல் தடவை அழுதது"ன்னு சொல்லுங்க. அந்த ஒரு தகவலை வெச்சுதான் அவங்க நேரத்தைக் கணக்குப் போடுவாங்க.

வீட்டுல பாட்டி "முதல்ல குடல் தட்டிட்டு வந்துடலாம்"னு சொன்னா சண்டை போடாதீங்க. "பாட்டி, முதல்ல ஸ்கேன் பார்த்துடலாம், ஒண்ணும் இல்லைன்னா நீங்க சொல்றபடி யோசிக்கலாம்"னு சொல்லுங்க. ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னா பாட்டியும் நிம்மதியாத் தூங்குவாங்க.

அடுத்த வாரம் வேற விஷயத்தோட சந்திப்போம்.