கான்கிரீட் வீட்டில் விதை மூட்டை: வெப்பத்தைத் தணிப்பது எப்படி?

சங்கரன்கோவில், குருவிகுளம் பக்கத்துக் கரிசல் காடுகளில் புரட்டாசியில் விதைத்த உளுந்தும் பாசியும் தை மாதம் வீடு வந்து சேரும். விற்றது போக, அடுத்த விதைப்புக்கென்று ஒரு மூட்டையைக் கட்டி வைப்போம். அது மறுபடி நிலத்துக்குப் போக எட்டு மாதம் ஆகும். நடுவில் சித்திரை, வைகாசி வெயில் இருக்கிறது.

முப்பது, நாற்பது வருடங்களுக்கு முன் கட்டிய தார்சு வீடு என்றால் சிக்கல் அதிகம். பகல் முழுக்க வெயில் வாங்கிய தளம், பொழுது சாய்ந்த பிறகுதான் அந்தச் சூட்டை உள்ளே இறக்கும். இரவு ஒன்பது மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி மேல்கூரையைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். பரண் அந்தக் கூரையை ஒட்டித்தான் இருக்கிறது. விதை மூட்டை கிடப்பதும் அங்கேதான்.

விதைக்கு உயிர் உண்டு, மூச்சு உண்டு. சூடு கூடினால் மூச்சு வேகமாகி, உள்ளிருக்கும் சத்து கரையும். சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தால் விதையின் ஆயுள் இரட்டிப்பாகும், ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தாலும் அப்படியே என்பது ஹாரிங்டன் என்ற விதை விஞ்ஞானி வகுத்த கணக்கு. தோராயக் கணக்குதான், நம் வேலைக்கு இது போதும். ஈரப்பதத்தில் நாம் கவனமாகவே இருக்கிறோம். உளுந்தை 9 சதவீதத்துக்குக் காயவைத்து, கடித்தும் பார்த்துவிடுகிறோம். வீட்டின் சூட்டைத்தான் கணக்கில் எடுப்பதில்லை. அதே கூரைக்குக் கீழேதான் வயதானவர்களும் கைக்குழந்தைகளும் தூங்குகிறார்கள்.

புழுக்கம் தாங்காமல் ஏ.சி. வாங்கி, பில்லைப் பார்த்துச் சோலார் போட யோசிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். சோலாருக்கு மத்திய அரசு மானியம் கொடுக்கிறது, நல்லதுதான். ஆனால் கூரையைக் கவனிக்காமல் ஏ.சி. போடுவது, மடை உடைந்த வயலுக்கு மோட்டார் ஓட்டுகிற மாதிரி.

முதல் வேலை மொட்டை மாடிக்கு வெள்ளையடிப்பது. வெறும் சிமெண்ட் தளம் தன்மேல் விழும் வெயிலில் பாதிக்கு மேல் உள்ளே இழுத்துக்கொள்ளும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த தளம் ஏறக்குறைய முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். அறைக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறையலாம். அகமதாபாத்தில் 2017இல் குடிசைப் பகுதி வீடுகளில் இதைத்தான் செய்தார்கள். தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது.

மாசி, பங்குனியில் அடிப்பது நல்லது. ஐப்பசி மழைக்கு முன் அடித்தால் கரைந்துபோகும். தளத்தைக் கூட்டி, பாசியைச் சுரண்டி, விரிசலை அடைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு ஒழுக்கை நிறுத்தாது. கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு கிலோவுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் கணக்கு. இரும்பு டிரம்மில் தண்ணீரை ஊற்றி, அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். பிளாஸ்டிக் வாளி இளகிவிடும். இரவு முழுக்க ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசை சேர்த்து, தளத்தை நனைத்துவிட்டு சாயங்காலத்தில் அடியுங்கள். இரண்டு, மூன்று பூச்சு வேண்டும். புழுதி படிந்தால் வெள்ளை மங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு வருடமும் அடிக்க வேண்டியதுதான். தட்டோடு பதித்த தளத்திலும் அடிக்கலாம். மாடி மழைநீரைத் தொட்டியில் பிடிப்பவர்கள் முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள்.

மாடியில் தென்னங்கீற்றுப் பந்தல் போடச் சொல்வார்கள். நிழல் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆரியங்காவு கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்று அதை அடுத்த தெருவில் கொண்டுபோய்ப் போட்டுவிடும், தீப்பயமும் உண்டு. நான் பரிந்துரைப்பதில்லை.

அந்தக் காற்றையே வீட்டுக்குள் விடலாம். மேற்குச் சன்னலை அட்டை வைத்து அடைத்துவிட்டவர்கள் அதைத் திறங்கள். பகலில் மூடி, பொழுது சாய்ந்ததும் எதிர்ச் சன்னலோடு சேர்த்துத் திறந்தால் போதும். சாயங்கால வெயில் சுடும் மேற்குச் சுவருக்குக் கோவைக்காய், பீர்க்கன் கொடியைப் பந்தலில் ஏற்றிவிடுங்கள். சன்னலை மட்டும் மறைக்கக் கூடாது.

அடுத்து மின்விசிறி. பழைய விசிறி 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். மூன்று விசிறி தினம் 12 மணி நேரம் ஓடும் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 97 யூனிட் மிச்சம். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படிநிலையே மாறிவிடுவதால், எல்லையில் நிற்பவர்களுக்கு இந்த 97 யூனிட் பெரிது.

விதை மூட்டையைப் பரணிலிருந்து இறக்கி, கிழக்கு அல்லது வடக்கு அறையில், சுவரை ஒட்டாமல் மரப்பலகை மேல் வையுங்கள். ஆவணியில் நூறு விதை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து, ஏழாம் நாள் பிரித்துப் பாருங்கள். உளுந்தில் 75க்குக் குறைவாக முளைத்திருந்தால் வேறு விதை தேட அப்போதும் ஒரு மாதம் கையில் இருக்கும்.