பேச்சில் ஒரு புள்ளிக்கோலம்!

காய்ச்சல் என்றால் டாக்டர் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறார். கை முறிந்தால் எக்ஸ்ரே எடுக்கிறார். சர்க்கரை நோயைக் கண்டுபிடிக்கச் சில சொட்டு ரத்தம் போதும். மனதில் நோய் வந்தால் எதை வைத்து அளப்பது?

மனநல மருத்துவருக்கு முக்கியமான கருவி அவருடைய காதுதான்! நோயாளியை உட்கார வைத்துப் பேசச் சொல்வார், பொறுமையாகக் கேட்பார். வீட்டில் உள்ளவர்களிடமும் விசாரிப்பார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 'மனச்சிதைவு' என்று ஒரு நோய். யாரும் பேசாதபோதும் காதில் குரல் கேட்கும். எண்ணங்கள் கோவையாக வராது. 'இருமுனை மனநோய்' என்று இன்னொன்று. சில காலம் அளவுக்கு மீறிய உற்சாகம். சில காலம் தாங்க முடியாத சோர்வு. தொடக்கத்தில் இந்த இரண்டும் சில சமயம் ஒன்று போலவே தோன்றும். எந்த நோய் என்று உறுதி செய்ய மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை நோயாளிக்கும் குடும்பத்துக்கும் எவ்வளவு வேதனை!

இதற்குக் கம்ப்யூட்டர் உதவுமா என்று பார்த்தார்கள், பிரேசில் நாட்டின் நடால் நகர விஞ்ஞானிகள். மனநல மருத்துவர் நடாலியா மோட்டா, மூளை ஆராய்ச்சியாளர் சிடார்ட்டா ரிபெய்ரோ ஆகியோரின் குழு அது.

அவர்களுடைய முறை மிகவும் எளிது. நம் வீட்டு வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுவதில்லையா? அதுபோலத்தான். பேச்சில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு புள்ளி. ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்கு ஓர் அம்புக்குறி. அதே சொல் மறுபடி வந்தால் புதுப் புள்ளி கிடையாது. கோடு பழைய புள்ளிக்கே திரும்பி வரும்.

'மழை வந்தது மழை நின்றது' என்று சொல்லிப் பாருங்கள். நான்கு சொற்கள்; ஆனால் புள்ளிகள் மூன்றுதான். மழையிலிருந்து 'வந்தது'க்குப் போன கோடு மழைக்கே திரும்பி, பிறகு 'நின்றது'க்குப் போகிறது. ஒரு சின்னச் சுழல் கிடைத்துவிட்டது அல்லவா? நீண்ட பேச்சை இப்படி வரைந்து, புள்ளி எத்தனை, கோடு எத்தனை, சுழல் எத்தனை என்று கம்ப்யூட்டர் நொடியில் எண்ணிவிடும்.

2012-ல் 24 பேரிடமும், 2014-ல் 60 பேரிடமும் செய்த ஆய்வுகளை இந்தக் குழு வெளியிட்டது. ஆய்வில் கலந்து கொண்டவர்களிடம், "நீங்கள் கண்ட ஒரு கனவைச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். மிகை உற்சாகத்தில் இருந்தவர்கள் நிறையப் பேசினார்கள். சொன்ன இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்தார்கள். மனச்சிதைவு உள்ளவர்களின் கோலத்திலோ இணைப்புகள் குறைவாக இருந்தன.

இன்னொரு வியப்பு! நேற்றுப் பகலில் நடந்ததைச் சொல்லச் சொன்னபோது இந்த வேறுபாடு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. கனவைச் சொன்னபோதுதான் நன்றாகத் தெரிந்தது. பகலில் நடந்ததை வரிசையாகச் சொல்வது நமக்குப் பழக்கம். கனவுக்கு ஏது வரிசை? சொல்பவர்தான் கோத்துச் சொல்ல வேண்டும். காரணம் அதுவாக இருக்கலாம்.

2017-ல் வந்த ஆய்வு ஒரு படி மேலே போனது. முதன்முதலாக மருத்துவரிடம் வந்தவர்களின் பேச்சைப் பதிவு செய்தார்கள். ஆறு மாதம் கழித்து மருத்துவர்கள் சொன்ன முடிவோடு ஒப்பிட்டார்கள். மனச்சிதைவுக்கான அடையாளம் அந்த முதல் பேச்சுகளிலேயே தெரிந்தது!

அப்படியானால் இனி டாக்டர் வேண்டாமா? அவசரப்படாதீர்கள். இந்த ஆய்வுகளில் கலந்து கொண்டவர்கள் மிகக் குறைவு. இன்னொன்றும் கவனியுங்கள். படிக்கப் படிக்கப் பேச்சின் கோலமும் வளர்கிறது என்று இதே குழுவினர் பிறகு கண்டார்கள். சின்னப் பிள்ளைகள், பள்ளிக்கூடம் போகாத பெரியவர்கள் ஆகியோரின் கோலம் வேறு மாதிரி இருக்கும். அதை நோய் என்று முத்திரை குத்தினால் எவ்வளவு பெரிய அநியாயம்! கம்ப்யூட்டர் எண்ணிக் கொடுக்கும். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். ஸ்டெதஸ்கோப் போல இதுவும் ஒரு துணைக் கருவியே.

மனநோயும் காய்ச்சல் போல ஒரு நோய்தான், மருத்துவம் உண்டு. யாரையும் 'பைத்தியம்' என்று கேலி செய்யாதீர்கள். உங்கள் மனதில் பாரம் இருந்தால் அப்பா, அம்மாவிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். தோழன் ஒருவன் சொல்ல வந்தால் நடுவில் குறுக்கிடாமல் கேளுங்கள்.

செய்து பாருங்கள்: நேற்றிரவு கண்ட கனவை 30 சொற்களில் எழுதுங்கள். புள்ளியும் அம்புக்குறியும் போட்டுக் கோலமாக்குங்கள். இது விளையாட்டுதான், நோய் பார்க்கும் சோதனை அல்ல. உங்கள் கோலத்தில் எத்தனை சுழல்கள்?