இரண்டு விமானங்களுக்கு நடுவே

தாராவியில் தொண்ணூறடிச் சாலையை அடுத்து வசிக்கும் அன்பர் ஒருவரை நாம் நெடுநாளாக அறிவோம். அவருடைய தம்பி அமெரிக்காவில் வேலை பார்ப்பவர். 2024-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், திருநெல்வேலிச் சீமையில் இருந்த தந்தையாருக்கு உடல்நிலை கவலைக்கிடம் என்ற செய்தி இருவரையும் ஒரே நாளில் எட்டியது. தமையனார் மும்பையிலிருந்து உடனே புறப்பட்டுவிட்டார். தம்பியார் கிடைத்த முதல் விமானத்தில் இடம் பிடித்தார். அது மும்பைக்கு அதிகாலை 2 மணி 10 நிமிடத்துக்கு வந்து சேர வேண்டிய விமானம். 5 மணிக்குச் சென்னைக்குப் புறப்படும் உள்நாட்டு விமானத்துக்கும், அங்கிருந்து தூத்துக்குடிக்கும் வேறொரு கம்பெனியில் தனியாக டிக்கெட் வாங்கிக்கொண்டார். நடுவே 2 மணி 50 நிமிடம் இருக்கிறதே, போதாதா என்பது அவர் கணக்கு. போதவில்லை. 5 மணி விமானம் அவரை விட்டுவிட்டுச் சென்றது. வேறு விமானம் பிடித்து அவர் இருட்டிய பின் ஊர்போய்ச் சேர்ந்தபோது, தந்தையார் காலமாகித் தகனமும் முடிந்திருந்தது.

இதில் இன்னாரைக் குறை கூற வேண்டும் என்பது நம் நோக்கமன்று. கணக்கு எங்கே பிழைத்தது என்பதை மட்டும் பார்ப்போம். ஏனெனில் இதே கணக்கைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் இரவும் எத்தனையோ பேர் மும்பையில் வந்து இறங்குகிறார்கள்.

விமானம் 25 நிமிடம் தாமதமாகத் தரையிறங்கியது. நெடுந்தூரம் வரும் விமானத்துக்கு இது தாமதம் என்றே சொல்லத் தகாது. ஊர்ந்து சென்று நின்று கதவு திறந்தபோது மணி 2.50. குடியேற்றச் சோதனைக்கான வரிசையில் முத்திரை பெற்று வெளிவந்தபோது 3.25. பெட்டிகள் கைக்கு வந்தபோது 3.55. சுங்கத்தைக் கடந்து வாயிலில் நின்றபோது 4 மணி 5 நிமிடம். விமானம் பறக்க இன்னும் 55 நிமிடம் இருந்தது உண்மையே. ஆயினும் உள்நாட்டு விமானங்களில் பெட்டிகளை ஏற்றுக்கொள்ளும் கவுண்டர் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்னதாகவே மூடப்படுகிறது. அது 4 மணிக்கே மூடிவிட்டது. அதுவும் அவர் நின்ற இடத்தில் அன்று. நகரச் சாலைகளைச் சுற்றிக்கொண்டு சில மைல் போக வேண்டிய வேறொரு கட்டடத்தில்.

ஆக, டிக்கெட்டில் கண்ட 2 மணி 50 நிமிடம் உண்மையில் 1 மணி 50 நிமிடமே. விமானம் சரியான நேரத்துக்கே வந்திருந்தாலும் சுங்க வாயிலிலிருந்து மறு கட்டடத்துக்குப் போய் வரிசையில் நின்று பெட்டியைக் கொடுக்க அவருக்கு 20 நிமிடமே மிஞ்சியிருக்கும். முதல் விமானம் தரையைத் தொடும் நேரத்துக்கும் இரண்டாவது விமானம் புறப்படும் நேரத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பதே பிழை. பெட்டியுடன் நாம் வெளியே வந்து நிற்கும் நேரம் ஒன்று, கவுண்டர் மூடும் நேரம் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ளதுதான் நமக்குச் சொந்தமான நேரம்.

வெளிநாட்டு விமானமும் உள்நாட்டு விமானமும் கைகோத்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு நம் நாட்டு விமானப் போக்குவரத்தின் பிறப்பிலேயே இருந்தது என்பதை நேயர்களிற் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து ஒரு சிறு பஸ்மாத் விமானத்தைத் தாமே ஓட்டிக்கொண்டு அகமதாபாத் வழியாகப் பம்பாயின் ஜுஹு மைதானத்தில் வந்து இறங்கினார். இம்பீரியல் ஏர்வேஸ் விமானம் லண்டனிலிருந்து கராச்சி வரை கொண்டுவரும் தபாலை உள்நாட்டுக்குக் கொண்டுசெல்வதே அந்தச் சேவையின் வேலை. ஜுஹுவிலிருந்து அதை நெவில் வின்சென்ட் என்ற விமானி ஏற்றுக்கொண்டு பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுபோனார். லண்டனிலிருந்து வருவது, பம்பாயில் கைமாறுவது, சென்னைக்குப் போவது: இன்றைய பிரயாணி போகும் வழியும் ஏறக்குறைய அதுவேயன்றோ?

1949-இல் தொடங்கிய இரவுத் தபால் விமானங்கள் இன்னும் சுவையானவை. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் கிளம்பும் விமானங்கள் நாட்டின் நடுவேயுள்ள நாக்பூரில் நள்ளிரவை ஒட்டிச் சந்தித்தன. தபாலையும் பிரயாணிகளையும் மாற்றிக்கொண்டு விடிவதற்குள் தத்தம் ஊருக்குத் திரும்பின. அவை சந்திப்பதற்காகவே ஏற்பட்ட விமானங்கள்.

இன்று ஒரு விமானம் மற்றொன்றைப் பற்றிக் கவலைப்படுவது ஒரே ஒரு நிலையில்தான். பிரயாணம் முழுவதும் ஒரே டிக்கெட்டில், ஒரே பதிவுக் குறியின் கீழ் அமைந்திருக்க வேண்டும். அப்போது முதல் விமானம் தாமதமானால் நம்மை ஊர் சேர்க்கும் பொறுப்பு டிக்கெட் கொடுத்தவரைச் சேரும். அடுத்த விமானத்தில் இடம் தேடித் தருவது அவர் கடமை. இரண்டு டிக்கெட்டுகளைத் தனித்தனியே வாங்கினாலோ, இரண்டாவது கம்பெனிக்கு நாம் எங்கிருந்து வருகிறோம் என்பதே தெரியாது. அதன் கண்ணில் நாம் செம்பூரிலிருந்து டாக்சி பிடித்துத் தாமதமாக வந்த ஒருவர், அவ்வளவே. மூட்டையின் எடையிலும் இந்த வேறுபாடு உண்டு. ஒரே டிக்கெட்டானால் வெளிநாட்டுப் பகுதிக்குரிய எடையே பொதுவாக ஊர்வரை செல்லும். தனி டிக்கெட்டானால் உள்நாட்டுக் கணக்கு, பெரும்பாலும் 15 கிலோ. இரண்டு பெரிய பெட்டிகளுடன் கடல் கடந்து வருபவர் அங்கே கட்டும் அதிகக் கட்டணத்தில், தனித்தனியாக வாங்கி மிச்சம் பிடித்த பணம் கரைந்துவிடுவதும் உண்டு.

ஒரே டிக்கெட் வைத்திருப்பவர்களும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. புறப்படும் ஊரில் பெட்டியின் மீது மதுரை என்றோ கோயம்புத்தூர் என்றோ சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். பெட்டி தானே போய்விடும் என்று பிரயாணி நிம்மதியாக இருந்துவிடுகிறார். அது போகாது. இந்தியாவுக்குள் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனையும் சுங்கமும் முடிய வேண்டும் என்பது விதி. ஆகவே மும்பையில் பெட்டியை நாமே எடுத்து, சுங்கத்தைக் கடந்து, உள்நாட்டு இணைப்புக்கான கவுண்டரில் மறுபடி ஒப்படைக்க வேண்டும். பிறகு பாதுகாப்புச் சோதனை மீண்டும் ஒரு முறை.

இனி அந்தக் கட்டடங்களின் கதை. மும்பையின் பழைய நிலையம் சாந்தாகுரூஸ் பக்கம் உள்ளது. பன்னாட்டு விமானங்களுக்காக 1981-இல் சஹார் பக்கம் வேறொன்று எழுந்தது. அதன் இடத்தில் கட்டிய இரண்டாம் முனையம் 2014-இல் திறக்கப்பட்டது. ஓடுபாதை இரண்டுக்கும் பொது. வாயில்களோ எதிரெதிர்த் திசைகளில். வெளிநாட்டிலிருந்து வருபவர் இரண்டாம் முனையத்தில் இறங்குகிறார். உள்நாட்டு விமானங்களிற் பல அங்கிருந்தே கிளம்புவதால் அவற்றில் செல்பவருக்குக் கவலையில்லை. முதல் முனையத்திலிருந்து கிளம்பும் விமானத்துக்குச் செல்பவர்தான் வெளியேறி, சாலை வழியே சுற்றிச் செல்ல வேண்டும். எந்தக் கம்பெனி எந்த முனையம் என்பது காலத்துக்குக் காலம் மாறுகிறது. சென்ற முறை சென்ற நினைவை நம்பிப் போனவர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடியதை நாமே கண்டிருக்கிறோம். பயணத்துக்கு முதல் நாள் டிக்கெட்டை மீண்டும் ஒரு முறை படிப்பதில் நஷ்டமில்லை.

இப்பொழுது மூன்றாவது இடமும் சேர்ந்துவிட்டது. 2025 டிசம்பர் 25 முதல் நவி மும்பை விமான நிலையத்திலிருந்தும் விமானங்கள் பறக்கின்றன. சஹாரிலிருந்து அங்கே போவதற்குச் செம்பூரைக் கடந்து மான்குர்து வழியாக வாஷிப் பாலம் ஏறி, முப்பது கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டும். டிக்கெட்டில் பழைய நிலையத்துக்குப் பி.ஓ.எம். என்றும் புதியதற்கு என்.எம்.ஐ. என்றும் குறி இருக்கும். விலை மலிவு என்ற ஒன்றையே பார்த்து வாங்குபவர்கள் இந்த மூன்றெழுத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விமானங்கள் ஏன் நள்ளிரவில் வந்து நம்மைப் படுத்துகின்றன என்று பலர் கேட்பதுண்டு. ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் இரவில் விமானங்கள் இறங்கவும் ஏறவும் கட்டுப்பாடு உண்டு. அங்கே பகலில் கிளம்பும் விமானம், பறக்கும் நேரமும் கிழக்கே வரவரக் கூடும் கடிகார நேரமும் சேர்ந்து, நமக்கு நள்ளிரவாகும்போது வந்து இறங்குகிறது. மீண்டும் இரண்டு மூன்று மணிக்குக் கிளம்பினால் அங்கே விடியும்போது போய்ச் சேரும். அவர்கள் தூக்கம் கெடாதிருக்க நம் தூக்கம் கெடுகிறது எனலாம்.

இந்த நள்ளிரவு தேதிக் கணக்கிலும் ஒரு பொறி வைக்கிறது. 10-ஆம் தேதி இரவு அமெரிக்காவில் ஏறுபவர், நடுவில் ஓர் ஊரில் மாறி, 12-ஆம் தேதி பிறந்து அரை மணியில் மும்பையில் இறங்குகிறார். அவர் மனத்தில் அது 12-ஆம் தேதி இரவு. ஆகவே மறுநாள் காலை விமானம் என்று எண்ணி 13-ஆம் தேதிக்கு டிக்கெட் வாங்கி ஒரு நாள் முழுவதும் காத்துக்கிடக்கிறார். அல்லது 11-ஆம் தேதிக் காலைக்கு வாங்கி, தாம் வந்து சேருமுன்பே தம் விமானத்தைப் பறக்கவிடுகிறார். படித்தவர்களே இதில் அதிகம் வழுக்குகிறார்கள் என்பது நம் அனுபவம். இந்தியத் தேதியையும் இந்திய மணியையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி வைத்துக்கொண்டு, அதன்பின் டிக்கெட் தேடுவது நன்று.

மழைக்காலத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும். மும்பையின் ஓடுபாதைகள் இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவன. ஆகையால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பயன்படும். அடைமழையில் விமானங்கள் வானிலேயே வட்டமிட நேர்வதும், வேறு ஊருக்குத் திருப்பப்படுவதும் உண்டு. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது விமான நிலையமே மூடப்பட்டது. ஓடுபாதைக்கு அடியில் செல்லும் மித்தி ஆறுதான் தாராவியை ஒட்டியும் ஓடுகிறது. அன்று இரண்டு இடங்களையும் வெள்ளம் விட்டுவைக்கவில்லை.

எத்தனை மணி நேரம்தான் வைத்துக்கொள்வது? ஒரே டிக்கெட்டாக, ஒரே முனையத்தில் மாறுவதாக இருந்தால் மூன்று மணி நேரம் போதும். தனி டிக்கெட்டானால் ஐந்துக்குக் குறையாமல் இருப்பது நலம். முனையம் மாற வேண்டுமானால் ஆறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை இதோடு இன்னும் ஒரு மணி கூட்டிக்கொள்ளலாம். இவை சட்டம் அல்ல, பலமுறை வந்துபோனதில் நாம் கண்ட அளவு. இந்தியக் குடிமக்களும் ஓ.சி.ஐ. அட்டை பெற்றவர்களும் முன்னதாகப் பதிவு செய்துகொண்டால் தானியங்கி வாயில் வழியாகக் குடியேற்றச் சோதனையை முடிக்கும் திட்டம் 2024-இல் தில்லியிலும், 2025 ஜனவரியில் மும்பை, சென்னை முதலிய நிலையங்களிலும் வந்திருக்கிறது. அடிக்கடி வருவோர் அதைச் செய்துகொள்ளலாம். பெட்டி வருவதை எந்த வாயிலும் விரைவுபடுத்தாது.

சாவு, சாகும் தறுவாய் போன்ற அவசரங்களுக்கு வருவோர் ஒன்று செய்யலாம். கைப்பை ஒன்றுடன் மட்டும் வருவது. உள்நாட்டு விமானத்தில் அது சுமார் 7 கிலோவுக்குள் இருக்க வேண்டும். இரண்டாவது விமானத்துக்குரிய இருக்கைச் சீட்டைக் கைபேசியிலேயே முன்கூட்டிப் பெற்றுவிட்டால், பெட்டிக் கவுண்டர் மூடுவது நம்மைப் பாதிக்காது. விமானம் ஏறும் வாயில் மூடும் நேரம் ஒன்றே கணக்கு. அது பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 25 நிமிடம் முன்பு. தாராவி அன்பரின் தம்பி இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்தார். ஒன்றில் தந்தையாருக்கு வாங்கிய கம்பளிப் போர்வை இருந்தது.

மும்பையையே தவிர்க்க முடியுமா என்றும் பார்க்க வேண்டும். திருச்சிக்குச் சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு ஆகிய ஊர்களிலிருந்து நேரே விமானம் உண்டு. மதுரைக்கும் கொழும்பு வழி உண்டு. சற்றுச் சுற்றினாலும் சொந்த ஊரின் வாயிலிலேயே சுங்கம் முடிந்துவிடும்.

அது கூடாதபோது நாம் பெரிதும் விரும்புவது பழைய வழக்கத்தை. வெளிநாடு போவோரும் வருவோரும் மாதுங்காவில் உறவினர் வீட்டில் ஓர் இரவு தங்கிச் செல்வது முன்பெல்லாம் சர்வசாதாரணம். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் எழுந்த பேட்டை அது; ஊர்க்காரர் ஒருவராவது இருப்பார். கூடத்தில் பாய் விரிக்க இடம் இருக்கும். பம்பாய் வீட்டுக் கூடம் எத்தனை சிறிது என்பதைப் பார்த்தவர்களுக்கு, அந்த இடம் எப்படி வந்தது என்பது இன்றும் வியப்புதான். விமானம் மூன்று மணி நேரம் தாமதமானாலும் யாருக்கும் எதுவும் தவறிப்போகாது. இன்றைக்கு அவசரம் மிகுந்துவிட்டதால் இரவு தங்குவதைக் காலவிரயம் என்கிறார்கள். இருபது மணி நேரம் பறந்து வந்தவர் ஆறு மணி நேரம் படுத்து எழுவது எப்படி விரயமாகும் என்பது நமக்கு விளங்கவில்லை.

2025-இல் முதலாண்டுத் திதிக்கு அந்தத் தம்பியார் மீண்டும் வந்தார். அதே அதிகாலை விமானம். இம்முறை 40 நிமிடத் தாமதம். மெட்ரோ இரவில் ஓடுவதில்லை. ஆகையால் தமையனார் டாக்சியுடன் வந்து சஹார் வாயிலில் நின்றிருந்தார். தாராவி வீட்டில் அன்று பகலும் இரவும் தங்கினார்கள். மறுநாள் காலை இருவரும் தாராவி நிலையத்தில் படியிறங்கி, அவ்வாண்டு மே மாதம் அங்கே திறந்த சுரங்க மெட்ரோவில் ஏறி, முதல் முனையத்தில் இறங்கினார்கள். கவுண்டர் மூட இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. பெட்டியைக் கொடுத்துவிட்டு, எதிரே இருந்த கடையில் காப்பி வாங்கிக் குடித்தார்கள்.